பிளம்பர் கூலியை விட டைல்ஸ் உடைக்கிற செலவுதான் பெரிசு

மடிப்பாக்கம் மாடிவீடு:
சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். ஸ்பிண்டில் (குழாயைத் திறந்து மூடும் உள்தண்டு) மாற்றிவிட்டு 300 ரூபாய் கூலி கேட்டார், ஸ்பிண்டில் தனியாக 120. பத்து நிமிட வேலைக்கு முந்நூறா என்று வீட்டில் முணுமுணுப்பு. ஆனால் அவர் பெட்ரோல் போட்டு வருகிறார், அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போக முடியாது, அதனால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. கையோடு மாடி பாத்ரூம் சுவர் ஊறியிருப்பதையும் காட்டினேன், அங்கேதான் செலவு ஆரம்பித்தது. டைவர்ட்டருக்கு (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) பின்னால் சுவருக்குள் போகிற சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) லைனில் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் விரிசல் விட்டிருந்தது. வீடு கட்டும்போது யாரோ ஓவராக முறுக்கியிருக்க வேண்டும் என்றார். அவர் கூலி 1,500. மாற்றிய சாமான் இருநூறைத் தாண்டவில்லை. ஆனால் டைல்ஸை உடைத்தால் திரும்ப ஒட்டுவது என் வேலை இல்லை சார், கொத்தனாரைப் பார்த்துக்கோங்க என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கொத்தனார், சித்தாள், சிமெண்ட், அப்புறம் அதே டிசைன் டைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்காமல் ஒரு வரிசை முழுக்க வேறு நிறத்தில் ஒட்டியது எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்தைத் தொட்டது. இதில் பிளம்பரைத் திட்ட என்ன இருக்கிறது?

கோவை போர்த்தண்ணி:
எங்க ஊர்ல எனக்குச் சிக்கல் கூலியில இல்லைங்க, சாமான்ல. பிளம்பரே ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஆங்கிள் காக் (சுவர் லைனில் மாட்டும் சின்ன வால்வு) வாங்க வைத்தார். அதே கம்பெனி, அதே மாடல் அடுத்த தெருவில் 140 ரூபாய் குறைவு. அடுத்த முறை “சாமான் நானே வாங்கித் தர்றேங்கண்ணா”ன்னு சொன்னேன், கூலி நூறு ரூபாய் ஏறியது. அதுவும் நியாயம்தான், கடைக் கமிஷன் போனால் அவரும் எங்கேயாவது எடுக்கணுமே. உப்புத் தண்ணீர் ஏறுகிற வீடுகளில் வாஷரும் ஃப்ளஷ் டேங்க் உள்செட்டும் சீக்கிரமே போகும், அதனால் இரண்டு செட் வாங்கி வைத்துவிட்டேன்.

தாம்பரம்:
என் மச்சான் இந்த வேலைதான் செய்கிறார். கசிவு எங்கே என்று தேடவே சில நேரம் அரை நாள் ஆகிவிடும், அதற்குக் கூலி கேட்டால் “சும்மா பார்த்ததுக்கா?” என்பார்கள். அதனால்தான் இப்போது வந்து பார்க்கவே 250 என்று போனிலேயே சொல்லிவிடுகிறார்.

@மடிப்பாக்கம், இனிமேல் சுவருக்குள் லைன் மாற்றினால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எல்லாக் குழாயையும் மூடி, பம்ப் வைத்துப் பிரஷர் டெஸ்ட் (லைனில் தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். இருக்கிற ஜாயிண்ட் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள். இதற்கு மச்சான் தனியாகக் காசு வாங்குவதில்லை, பம்ப் வாடகை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.