வியாழக்கிழமை சுடுதண்ணி அருவி: குடும்பக் குழு, கிராபி, தாய்லாந்து

குமார்: வியாழக்கிழமை அருவி உறுதி. பெரியவங்க, பொடிசு எல்லாம் சேர்த்து 13 பேர். நாம தங்கியிருக்கிற அவ் நாங்ல இருந்து எப்போ கிளம்பணும் அத்தான்?

கணேஷ் அத்தான்: 7 மணிக்கு வேன் நகரணும். 70 கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 10 மணிக்கு மேல டூர் வேன் எல்லாம் மொத்தமா வந்து இறங்கும். அருவிப் பாறையில தொட்டி தொட்டியா இருக்கும், ஒரு தொட்டியில 3, 4 பேர்தான் உட்கார முடியும். லேட்டாப் போனா டிக்கெட் எடுத்துட்டு கரையில நிக்க வேண்டியதுதான்.

கணேஷ் அத்தான்: டிரைவர்கிட்ட வெறுமனே ‘ஹாட் ஸ்ப்ரிங்’னு சொல்லிடாதீங்க. அருவி இருக்கிற க்லோங் தோம்லயே உப்புத்தண்ணி ஊத்து தனியா ஒண்ணு இருக்கு, கொண்டுபோய் அங்க விட்டுருவாங்க. ‘நாம்தோக் ரோன்’னு கேளுங்க. நாம்தோக்னா அருவி, ரோன்னா சூடு.

வள்ளி அத்தை: குற்றாலம் மாதிரி எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமாய்யா? பாட்டில் எடுத்து வச்சிருக்கேன்.

கணேஷ் அத்தான்: பாட்டில் ரூமிலேயே இருக்கட்டும் அத்தை 🙏 இது ரொம்ப உயரமில்லாத அருவி. குற்றாலத்துல கொட்டுற தண்ணி அடிச்சுட்டுப் போயிரும். இங்க எண்ணெய் தொட்டியிலயும் பாறையிலயும் தங்கிரும். அடுத்து கால் வைக்கிறவங்க விழுவாங்க. சோப்பு, ஷாம்பூவும் வேண்டாம்.

பிரியா: தொட்டி யார் கட்டினது?

கணேஷ் அத்தான்: தானா ஆனது. ஹீட்டர் கம்பியில வெள்ளையாப் படியுமே, அதே சுண்ணாம்பு. பூமிக்குள்ள ஆழத்துல சூடாகி வர்ற தண்ணியில அது கரைஞ்சிருக்கு. வெளிய வந்ததும் கரியமில வாயு பிரிஞ்சு போகுது, சுண்ணாம்பு பாறையில படியுது. விளிம்புல தண்ணி மெல்லிசா வழியுற இடத்துல அதிகமாப் படியும். அதான் ஓரம் உசந்து தொட்டி மாதிரி நிக்குது.

கணேஷ் அத்தான்: அந்த விளிம்புதான் ஆளைத் தள்ளும். சொரசொரன்னு வெளிறிக் கிடக்கிற இடத்துல கால் வைங்க. பச்சையாவோ கருப்பாவோ இருந்தா பாசி. நின்னுக்கிட்டு இறங்காதீங்க. விளிம்புல உட்கார்ந்து, ரெண்டு கையையும் ஊன்றி, ஒரு காலால தரையைத் தொட்டுப் பார்த்துட்டு அப்படியே நழுவி இறங்கணும். ஹவாய் செருப்பு ஆகாது. பின்னாடி வார் வச்ச ரப்பர் செருப்பு எல்லாருக்கும் வேணும்.

செல்வி அக்கா: நான் ரெண்டு விஷயம் சொல்றேன், எல்லாரும் படிங்க.

செல்வி அக்கா: தண்ணி 38ல இருந்து 42 டிகிரி வரைக்கும் இருக்கும். சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கும். உட்கார்ந்திருக்கிற வரைக்கும் தெரியாது, சடக்குன்னு எழுந்திரிச்சா கண்ணு இருட்டும். 15 நிமிஷம் போதும். வெளிய வர்றதுக்கு முன்னாடி விளிம்புல ஏறி ரெண்டு நிமிஷம் உட்காரணும். பிரஷர் மாத்திரை போடுற மாமா, சித்தப்பாவுக்கு 10 நிமிஷம்தான். ரேவதி காலை மட்டும் நனைச்சுக்கோ, மாசமா இருக்கும்போது இந்தச் சூட்டுல உட்காரக் கூடாது. ஆளுக்கு 1 லிட்டர் குடிதண்ணி.

செல்வி அக்கா: அடுத்தது, யாரும் தலையை முக்கக் கூடாது. கேரளாவுல அமீபா மூளைக்காய்ச்சல்னு நியூஸ் பார்த்தீங்கல்ல, அந்த அமீபாவுக்கு வெதுவெதுப்பான நல்ல தண்ணிதான் பிடிக்கும். வாயில போனா அது வராது, மூக்கு வழியா ஏறினாத்தான். ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா பிழைக்கிறது கஷ்டம். பிள்ளைங்க ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் தண்ணி அடிக்கிற விளையாட்டு இங்க வேண்டாம்.

சித்தப்பா: அருவிக்கு அடியில தலையைக் கொடுக்காம என்னம்மா குளியல் 😀

செல்வி அக்கா: முதுகைக் கொடுங்க சித்தப்பா.

கணேஷ் அத்தான்: கீழே சாதா தண்ணி ஓடை. அங்க கழுத்து வரைக்கும் கொஞ்ச நேரம், மேல தொட்டியில கொஞ்ச நேரம்னு மாத்தி மாத்தி உட்காரலாம், அதுதான் சுகமே. ராத்திரி பெருமழை பெய்ஞ்சிருந்தா ஓடை கலங்கி ஏறியிருக்கும், இறங்க வேண்டாம்.

பிரியா: டிரஸ்?

கணேஷ் அத்தான்: கருப்பு டீ-ஷர்ட், லெக்கின்ஸ். சேலை, நைட்டி நனைஞ்சா கனத்து காலைத் தடுக்கும். மோதிரம், கொலுசு ரூம்ல. டிக்கெட்டுக்கு தாய்லாந்து பாட் நோட்டா வச்சுக்கோங்க, வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனி ரேட்.

குமார்: அங்க இருந்து மரகதக் குளம்?

கணேஷ் அத்தான்: கால் மணி நேரம்தான். பேரே ‘சா மொரகோத்’, நம்ம மரகதம்தான். அதுக்குத் தனி டிக்கெட். கேட்ல இருந்து நேர் வழியில 800 மீட்டர் நடை. மேல இருக்கிற நீலக் குளத்தை மழைக்காலத்துல மூடியிருப்பாங்க, அதை நம்பிப் போகாதீங்க.

கணேஷ் அத்தான்: திரும்பும்போது ஒரு இடம் இருக்கு. யாரும் வேண்டாம்னு சொல்லாதீங்க. 4ஆம் நம்பர் ரோட்டுல க்லோங் தோம் புத்தர் கோயில், உள்ளேயே மியூசியம். பக்கத்துல க்வான் லுக் பத்னு ஒரு மேடு, பழைய பாசிமணி குவியல் குவியலாக் கிடைச்ச இடம். அங்க ஒரு உரைகல்லும் கிடைச்சது. கையில அடங்குற சின்னக் கல்லு. அதுல தமிழ் பிராமியில ‘பெரும்பதன் கல்’னு வெட்டியிருக்கு. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு.

வள்ளி அத்தை: தங்கத்தை உரசிப் பார்க்கிற கல்லா? இவ்வளவு தூரத்துலயா?

கணேஷ் அத்தான்: அதேதான் அத்தை. யாரோ ஒரு தட்டான் தன் கல்லுன்னு பேர் வெட்டி வச்சிருக்கான். மியூசியத்துல இறங்கினதும் முதல்ல அதைத்தான் கேட்கணும், மணி மாலையைப் பார்த்தா நம்ம ஆளுங்க அங்கேயே நின்னுருவாங்க.

சித்தப்பா: சரிப்பா. காலை டிபன்?

குமார்: புளியோதரை, வேன்லயே. 6:50க்கு கீழே இருங்க.