புதுப்பிப்பு: அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய், லேப்ராஸ்கோப்பி அறுவை முடிந்தது
என் அப்பாவுக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்வதா, சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி போதுமா என்று ஐந்து மாதங்களுக்கு முன் குடியாத்தத்திலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் கேமராவை மட்டும் செலுத்தி, வயிற்றறையின் உட்புறச் சவ்வில் புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். ஸ்கேனில் தெரியாத சிறு பரவலும் அதில் தெரியக்கூடும் என்று வேலூர் மருத்துவரும் சொன்னார். பரவல் இல்லை என்று உறுதியானதும் நான்கு சுற்று கீமோ கொடுத்து, பிறகு ஐந்து துளைகள் வழியாக இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார்கள். அகற்றியதை வெளியே எடுக்கத் தொப்புளருகே சிறு கீறல் ஒன்று தேவைப்பட்டது. நோயின் நிலையைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது 16 கணுக்களையாவது பரிசோதிக்க வேண்டுமாம். அப்பாவுக்கு 27, எதிலும் புற்று இல்லை. அந்த அறிக்கையை அம்மா மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

எதிர்பாராதது ஒன்று: வீடு திரும்பியபின், சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சியை வேகமாகக் குடித்த அரை மணிக்குள் படபடப்பும் வியர்வையுமாக அப்பா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உணவு குடலுக்குள் விரைந்து இறங்குவதால் வரும் இதை டம்பிங் என்கிறார்கள். இனிப்பைக் குறைத்து, நாளுக்கு ஆறு வேளை சிறிது சிறிதாகக் கொடுத்து, தண்ணீரை உணவோடு சேர்க்காமல் அரை மணி கழித்துத் தந்தபின் அடங்கிவிட்டது. அறுவைக்குப் பிறகு கொடுக்க வேண்டிய மீதி நான்கு சுற்று கீமோ அடுத்த வாரம் தொடங்குகிறது.