துலூசிலிருந்து கால்வாய்க் கரையில் மிதிவண்டிப் பயணம்: கிழக்கா, மேற்கா?

மெல்லோட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு நானும் என் மனைவியும் தெற்குப் பிரான்சில் எட்டு நாள் மிதிவண்டிப் பயணம் செய்ய எண்ணியிருக்கிறோம். இருவரும் 55 வயதைக் கடந்தவர்கள். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இல்லை. நினைத்த இடத்தில் நின்று, ஊர்களைச் சுற்றிப் பார்த்து, மாலையாவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட்டால் போதும்.

துலூஸ் நகரத்திலிருந்து கிழக்கே மிடி கால்வாய் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலோரத்து உப்பங்கழியில் சேர்கிறது. மேற்கே கரோன் கால்வாய் 193 கிலோமீட்டர் சென்று அதே பெயருள்ள ஆற்றில் இணைகிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் எங்களுக்கு நேரம் இருக்கிறது. கரைப்பாதையின் தரம் எப்படி இருக்கும், எங்களிடம் உள்ள 32 மில்லிமீட்டர் டயர் தாங்குமா, எந்தத் திசையில் செல்வது நல்லது என்பவற்றைச் சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றக்கூடிய இன்னொரு கேள்வியும் உண்டு: எட்டு நாளும் ஒரே நீரையும் ஒரே மரவரிசையையும் பார்த்துக்கொண்டு போனால் சலித்துவிடாதா?

கரைவழி எழுதியது:

ஐயா, நான் மிடி கால்வாயை இருமுறை முழுவதுமாகக் கடந்திருக்கிறேன். முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது அதில்தான். அந்தக் கரைப்பாதை மிதிவண்டிக்காகப் போடப்பட்டது அன்று. படகைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற குதிரைகள் நடப்பதற்காகப் போடப்பட்டது. துலூசிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை தார் போட்ட அருமையான பாதை இருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் தார் முடிந்து, சரளையும் மண்ணும் தொடங்கிவிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் பல பகுதிகளைச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்றாலும், கர்கசோன் நகரத்தைத் தாண்டிய பிறகு ஒற்றையடித் தடமாகச் சுருங்கி, மர வேர்கள் குறுக்கே புடைத்து நிற்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. கால்வாயில் படகுகளுக்கான வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர் என்பதால், காலையில் நீங்கள் முந்திச் சென்ற படகு, நீங்கள் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் உங்களை முந்தியிருக்கும். 

32 மில்லிமீட்டர் டயர் போய்ச் சேரும். ஆனால் உங்கள் மணிக்கட்டும் இடுப்பும் அதை மன்னிக்கா. வண்டியின் சட்டமும் மட்கார்டும் இடம் கொடுத்தால் 40 மில்லிமீட்டர் டயரைப் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் பயணத்தின் நான்காம் நாள், விடாத அதிர்ச்சியில் கேரியரின் ஒரு திருகு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. பையின் முழு எடையும் ஒரு பக்கம் சாய்ந்து பின்சக்கர ஸ்போக்கில் உரசத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். அன்று ஒரு தோல் வாரைக் கட்டிச் சமாளித்தேன். அதிலிருந்து தினமும் காலையில் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதும், கேரியர் திருகுகளில் இரண்டு மூன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டன.

அடுத்தது நிழல். கால்வாய் நெடுக நின்ற ‘பிளேன்’ என்னும் நிழல்மரங்கள் ஏறத்தாழ 42,000. 2006ஆம் ஆண்டில் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. நோயுற்ற மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. அடுத்த மரத்துக்குப் பரவாமலிருக்க வெட்டி எரிப்பதைத்தான் செய்கிறார்கள். படகுகள் கரையில் உரசுவதாலும், மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதாலும் நோய் கால்வாய் வழியாகவே பயணம் செய்கிறது. வெட்டிய இடங்களில் வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள், ஆனால் அவை நிழல் தருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பழைய படங்களில் காணும் பச்சைக் குகை போன்ற பாதையை நம்பி சூலை, ஆகஸ்ட் மாதங்களில் செல்ல வேண்டாம். மே, சூன் அல்லது செப்டம்பர் உங்களுக்குப் பொருந்தும்.

திசையைக் காற்றிடம் விட்டுவிடுங்கள். கர்கசோன், நார்பொன் பகுதியில் ‘செர்’ என்று அழைக்கப்படும் மேற்குக் காற்று பலமாக வீசும். துலூசிலிருந்து கடலை நோக்கிச் சென்றால் அது முதுகில் கைவைத்துத் தள்ளும். எதிர்த் திசையிலிருந்து வரும் ‘ஓத்தான்’ காற்றும் உண்டு. அது துலூஸ் பக்கத்தில்தான் அதிகம். மொத்தத்தில் மேற்கிலிருந்து கிழக்கே செல்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

நிழல்தேடி எழுதியது:

கரைவழி சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னவற்றிலிருந்து நான் வரும் முடிவு நேர்மாறானது. நிதானப் பயணம், 55 வயது, 32 மில்லிமீட்டர் டயர் என்று கேள்வியிலேயே விடை இருக்கிறது: கரோன் கால்வாய்க்குச் செல்லுங்கள். ஏறக்குறைய முழுவதும் தார்ப்பாதை. மழை பெய்த மறுநாளும் சேறில்லை. புகழ் குறைவு என்பதால் கூட்டமும் குறைவு.

அஜான் நகரத்தில் கால்வாயே ஒரு கற்பாலத்தின் மேலேறிக் கரோன் ஆற்றைக் கடக்கிறது. 539 மீட்டர் நீளம், 23 வளைவுகள். கீழே ஆறு ஓட, மேலே கால்வாய் நிற்க, அதன் ஓரத்தில் நீங்கள் மிதித்துச் செல்வீர்கள். முவாசாக் ஊரில் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த மடாலயத் தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. சிற்பத் தூண்தலைகளைப் பார்க்க அரை நாளை ஒதுக்குங்கள். கால்வாய் முடிந்த பிறகு போர்தோ நகரத்துக்குச் செல்ல விரும்பினால், பழைய ரயில் தடத்தை மிதிவண்டிப் பாதையாக்கி ரோஜே லாப்பெபி பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1937இல் தூர் த பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியை வென்றவர் அவர். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் டிரெய்லியர் கியர் அந்தப் போட்டியில் அனுமதிக்கப்பட்ட முதல் ஆண்டு அது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அந்தப் பாதையில் போகும்போது பின்சக்கரத்துக் கியருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

மெல்லோட்டம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. டயரை மாற்றுவது பெரிய வேலை அன்று; மாற்றிவிடுகிறோம். ஆனால் நிழல்தேடி அவர்கள் சொன்னதைப் படித்த என் மனைவி, வழவழப்பான பாதைக்காக மட்டும் போவதென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே என்கிறார். ஆகவே கிழக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க விரும்புகிறேன். முற்றிலும் சமதளம் என்பது உண்மைதானா? சலிப்பைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கரைவழி எழுதியது:

சமதளம் என்பது பெரும்பாலும் உண்மைதான். இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் அருகில் மட்டும் பாதை சில மீட்டர் சட்டென்று ஏறும் அல்லது இறங்கும். துலூசிலிருந்து புறப்பட்டு முதல் 50 கிலோமீட்டரில் அப்படிப் படிப்படியாக ஏறி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 190 மீட்டர் உயரத்தில் நொரூஸ் என்ற இடத்தை அடைவீர்கள். கால்வாயின் உச்சி அதுதான். அதற்குப் பிறகு கடல் வரைக்கும் இறக்கம்.

நொரூசில் நிற்காமல் போய்விடாதீர்கள். இந்தக் கால்வாயை 1666 முதல் 1681 வரை கட்டினார்கள். பொறுப்பேற்ற பியேர் போல் ரிக்கே உப்பு வரி வசூலித்தவர். தொழில்முறைப் பொறியாளர் அல்லர். இரண்டு பக்கமும் சரியும் ஒரு கால்வாயின் உச்சிக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் அதற்கு முன்பு முயன்ற எல்லோரையும் முடக்கிய கேள்வி. அவர் வடக்கேயுள்ள கருமலைத் தொடரின் ஓடைகளைச் சான் ஃபெரியோல் அணையில் தேக்கி, வாய்க்கால்களை வெட்டி நொரூசுக்குக் கொண்டுவந்தார். அங்கே வந்துசேரும் தண்ணீரில் ஒரு பகுதி அட்லாண்டிக் பக்கமும் மறு பகுதி மத்தியதரைக் கடல் பக்கமும் பிரிந்து போகின்றன. கால்வாய் திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே ரிக்கே இறந்துவிட்டார். அந்த ஊட்டுவாய்க்காலின் கரையிலும் மரங்களடர்ந்த ஒரு தடம் உண்டு. ஒரு நாள் கையிருப்பில் இருந்தால் பைகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு அதில் போய் வாருங்கள். எனக்கு அது கால்வாயைவிடப் பிடித்திருந்தது.

சலிப்பைப் பற்றி: ஆம், சலிக்கும். மறைக்க விரும்பவில்லை. குறிப்பாக பெசியே நகரத்துக்கு முன்பு 54 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மதகுகூட இல்லாத நீட்சி இருக்கிறது. நிலத்தின் ஒரே உயரத்தை விட்டு விலகாமல் வெட்டியிருப்பதால் கால்வாய் பாம்பைப் போல் வளைந்து வளைந்து போகும். எதிரே தெரியும் மாதாகோவில் கோபுரம் ஒரு மணி நேரம் கழித்தும் எதிரேயே இருக்கும். இதற்கு நான் கண்ட மருந்து, கால்வாயை அடிக்கடி கைவிடுவதுதான். ஏதேனும் ஒரு பாலத்தில் ஏறி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சிறு சாலையைப் பிடித்து, இரண்டு ஊர் தள்ளி மீண்டும் கரைக்கு இறங்குங்கள். தூரமும் குறையும், கைகளுக்கும் ஓய்வு கிடைக்கும். செப்டம்பரில் சென்றால் அறுவடைக் காலம். டிராக்டர்களுக்கு வழிவிட வேண்டியிருக்கும்.

கால்வாயைக் கைவிட்டு மேலேறியே ஆக வேண்டிய ஓரிடத்தையும் சொல்கிறேன். பெசியேவுக்குச் சற்று முன்பு, மல்பா என்ற குன்றைக் குடைந்து கால்வாய் செல்கிறது. அந்தக் குன்றில் மூன்று சுரங்கங்கள்: ஒன்று கால்வாய்க்கு, ஒன்று ரயிலுக்கு, மற்றொன்று அவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் மூத்த வடிகாலுக்கு. அருகிலுள்ள ஆன்செரூன் மேட்டின் மேல் ஏறுங்கள், தள்ளிக்கொண்டு போனாலும் தவறில்லை. கீழே மோந்தாதி என்ற ஏரி 13ஆம் நூற்றாண்டில் வற்றவைக்கப்பட்டு விளைநிலமாகியிருக்கிறது. வடிகால்கள் எல்லாம் நடுவிலுள்ள ஒரு புள்ளிக்குச் செல்வதால், வயல்கள் யாவும் ஒரு பெரிய சக்கரத்தின் ஆரங்களைப் போல் விரிந்து கிடக்கும். அங்கே சேரும் தண்ணீரைத்தான் அந்தப் பழைய வடிகால் சுரங்கம் மலைக்கடியில் கொண்டுபோகிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஃபொன்செரான் மதகுகள். எட்டு நீர்த்தொட்டிகள் படிக்கட்டைப் போல் அடுக்கடுக்காக அமைந்து 21.5 மீட்டர் உயர வேறுபாட்டைக் கடக்கின்றன. சரிவில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவதைவிட, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு படகு எல்லாத் தொட்டிகளையும் கடந்து இறங்கும் வரை உட்கார்ந்து பார்ப்பதே முறை.

நிழல்தேடி எழுதியது:

சரி, தோற்றேன், அந்த அம்மையாரின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாலங்களின் வளைவுக்கடியில் பாதை குறுகி, எதிரே வருபவர் தெரியாதபடி திரும்பும். நுழையும் முன்பே மணியடியுங்கள், கல் ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். கரைப்பாதை பாலங்களில் அடிக்கடி மறுகரைக்கு மாறும் என்பதால் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வட்டார ரயில்களில் மிதிவண்டியை ஏற்றலாம், ஆனால் இடம் குறைவு. நெடுந்தூர ரயிலானால் வண்டிக்கும் முன்பதிவு வேண்டும். ரயில் வருவதற்கு முன்பே நடைமேடையில் பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படி உயரமாக இருந்தால் சுமையோடு வண்டியைத் தூக்க இருவர் போதாது.

மெல்லோட்டம் எழுதியது:

செப்டம்பர், கிழக்கு நோக்கி, 40 மில்லிமீட்டர் டயர். நொரூசில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கப்போகிறோம். திருகுகளை இன்றே வாங்கிவிட்டேன்.