வெளிநாடு போற நம்ம மலைப் பிள்ளைங்களுக்கு: ஆஸ்பத்திரியில சாப்ளின் வந்தா திருப்பி அனுப்பாதீங்க

நீலகிரியில பந்தலூர்ல லீவுல இருக்கேன். தேவாலா பக்கம் மழை நாலு நாளா விடல. கரண்ட் போய்ப் போய் வருது, போன்ல சார்ஜ் இருக்கும்போதே எழுதிடறேன்.

இந்த ஒரு வாரத்துல இங்கிலாந்து போற மூணு பிள்ளைங்க எங்க வீட்டுக்கு வந்தாங்க. சேரம்பாடியில இருந்து ரெண்டு பேர், நர்ஸ் வேலைக்கு. எங்க எஸ்டேட் லயத்துலயே (வரிசை வீடுகள்ல) ஒருத்தி, கல்யாணமாகிப் போறா. பெட்டி எத்தனை கிலோ, மிளகாய்த்தூள் விடுவாங்களா, ஸ்வெட்டர் இங்கயே வாங்கணுமான்னு கேட்டாங்க. அதுக்கெல்லாம் வெளிநாடு போறவங்களுக்கான இந்த இணையத் திரியில நிறைய பேர் நல்லா எழுதியிருக்கீங்க. மூணு பேருமே கேட்காத ஒண்ணு இருக்கு. எட்டு வருஷம் அங்க வார்டுல வேலை பார்க்கிறவளா அதை மட்டும் சொல்றேன்.

அங்க ஆஸ்பத்திரிகள்ல சாப்ளின்னு ஒருத்தர் இருப்பார். நோயாளி பக்கத்துல உட்கார்ந்து, சொல்றதைக் கேட்டு, மனசுக்கும் ஆன்மாவுக்கும் துணையா இருக்கிறதுதான் அவர் வேலை. சில பேர் பாதிரியார் காலர் போட்டிருப்பாங்க, சில பேர் சாதாரண உடுப்புல, கழுத்துல அடையாள அட்டையோட வருவாங்க. கட்டில் பக்கத்துல வந்து "கொஞ்ச நேரம் உட்காரலாமா"ன்னு கேட்பாங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் "வேண்டாம், நாங்க இந்து"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க. வேதக்காரக் (கிறிஸ்தவ) குடும்பம்னா வேற பயம். பாதிரியார் வந்தாலே சாகப் போறவங்களுக்குப் பண்ற அவஸ்தைப்பூசுதல்தான், ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் போலன்னு கலங்கிப் போயிடறாங்க.

ரெண்டுமே தப்பு. 1948-ல அங்கத்த அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். ஆரம்பிச்சதுல இருந்தே சாப்ளினும் ஆஸ்பத்திரி ஊழியர்தான். கால் ஒடிஞ்சு படுத்திருக்கிறவங்களையும் பார்ப்பாங்க, நாளைக்கு வீட்டுக்குப் போறவங்களையும் பார்ப்பாங்க. மதம் மாத்தப் பேசக்கூடாதுங்கிறது அவங்க தொழில் விதி. கிறிஸ்தவர் மட்டும்தான்னும் இல்ல. முஸ்லிம், இந்து, சீக்கியர், பௌத்தர், சாமியே இல்லைன்னு சொல்றவங்களுக்குன்னு மனிதநேயவாதி, எல்லாரும் இந்த வேலையில இருக்காங்க. நோயாளி இந்து, அங்க இந்து சாப்ளின் இல்லைன்னா, பக்கத்துக் கோயிலுக்குப் போன் போட்டு ஆள் கேட்பாங்க. இதுக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க.

நம்ம ஊர்ல இந்த வேலைக்குத் தனியா ஆள் தேவைப்படல. பந்தலூர்ல ஒருத்தரைச் சேர்த்து, அங்கிருந்து கூடலூருக்கோ ஊட்டிக்கோ, இல்ல வயநாடு வழியா கோழிக்கோட்டுக்கோ அனுப்பினா, ஜீப்புல கூடவே நாலு பேர் ஏறுவாங்க. ஒரு அக்கா தூக்குவாளியில ரசம் கொண்டு வரும். மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு கொடுத்தனுப்புவார், உபதேசியார் வந்து தலைமாட்டுல நின்னு ஜெபம் பண்ணுவார். வராந்தாவுல ராத்திரி முழுக்கப் பேச ஆள் இருக்கும். அங்க போனா பார்வையாளர் நேரம் முடிஞ்சதும் திரை இழுத்துடுவாங்க. அப்புறம் நீங்களும் மெஷின் சத்தமும்தான்.

நானே ஒரு தடவை தப்பு பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. என் வார்டுல யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர். இங்கிலீஷ் அவ்வளவா வராது. சாப்ளின் வந்து அவரைப் பார்க்கலாமான்னு என்னைக் கேட்டாங்க. நான் ரொம்பத் தெரிஞ்ச மாதிரி, "அவர் சைவ சமயம், வேண்டாம்"னுட்டேன். ஐயாவை ஒரு வார்த்தை கேட்கல. மறுநாள் மாத்திரை கொடுக்கிறப்ப அவர் என் கையைப் பிடிச்சு, "நேற்று ஆரோ வந்தவை, என்னட்ட ஏன் வரேல்லை பிள்ளை?"ன்னு கேட்டார். எனக்கு நாக்கு எழல. அன்னைக்கு சாயந்தரமே சாப்ளினைக் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் போன்ல இருந்தார். திரைக்குப் பின்னாடி ஒரு மணி நேரம். என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நோயாளிக் குறிப்புல "பார்த்தேன், பேசினோம், வியாழக்கிழமை மறுபடியும் வருவேன்" அவ்வளவுதான் எழுதியிருந்தது. அன்னிக்கு ராத்திரி ஐயா தூங்கினார்.

நான் செஞ்ச அதே தப்பைப் பிள்ளைங்க அப்பா அம்மாவுக்குச் செய்வாங்க. "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல"ன்னு நீங்களே பதில் சொல்லாதீங்க. கேளுங்க. நீங்களே மொழிபெயர்க்கவும் வேண்டாம், ஆள் கேட்டா இலவசமா ஏற்பாடு பண்ணுவாங்க. பிள்ளை முன்னாடி பெத்தவங்க எல்லாத்தையும் சொல்லிட மாட்டாங்க.

நர்ஸ் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லணும்: சாப்ளின் ஊழியருக்கும் உண்டு. நான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து ஏழாவது மாசம் அப்பா இங்க ஊர்ல தவறிட்டார். டான்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) ஃபாக்டரியில டிரையர்ல நின்னவர், அவர் கம்பளியில எப்பவும் தேயிலை வாசம்தான். கோழிக்கோடு வரைக்கும் பிளேன், அப்புறம் நாடுகாணிச் சுரம் ஏறி வந்து சேரறதுக்குள்ள எடுத்துடுவாங்கன்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு டிக்கெட்டே போடல. வீடியோ கால்ல பார்த்தேன், பாதியில சிக்னல் போச்சு. மறுநாள் டியூட்டிக்குப் போனேன். துணி அடுக்கற அறையில நின்னு அழுதுட்டிருந்தப்ப சாப்ளின் அம்மா ஒருத்தங்க பார்த்துட்டாங்க. ஆறுதல் ஒண்ணும் சொல்லல. "உங்க அப்பா எப்படிப்பட்டவர்?"னு கேட்டாங்க.

அப்பா சின்னப் பையனா இலங்கையில தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரம் வந்ததுல இருந்து சொன்னேன். மண்டபம் முகாம்ல இருந்தது, அப்புறம் இந்த மலைக்கு வந்தது, பாட்டி சாகிற வரைக்கும் நுவரெலியாவையே 'ஊர்'னு சொன்னது. அந்தம்மாவுக்கு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம்னா என்னன்னு தெரியாது. 1964-ல இலங்கை, இந்தியா ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இலங்கைத் தோட்டங்கள்ல இருந்த நம்ம ஆளுங்கள்ல 5,25,000 பேரை இந்தியாவுக்குன்னு பிரிச்சதை நான் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாம கேட்டாங்க. எனக்கு அப்பதான் உறைச்சது, கப்பல்ல இருந்து இறங்கின பாட்டிகிட்ட ஒரு ஆள் கூட இப்படி உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டாங்க. ரேஷன் கார்டு கேட்டிருப்பாங்க, கைரேகை வாங்கியிருப்பாங்க.

பதினாறாம் நாள் பிரார்த்தனை அறையைத் திறந்து விட்டாங்க. தீ வைக்கக் கூடாது, அதனால பேட்டரி விளக்கு. அப்பா படம், ஒரு கப் சாயா. டியூட்டி முடிச்ச ரெண்டு மலையாளிப் பிள்ளைங்களும் ஒரு பிலிப்பினோ அக்காவும் கூட நின்னாங்க. அந்தம்மாதான் பிறகு ஒரு நாள் சொன்னாங்க, சாப்ளின்ங்கிற சொல் லத்தீன்ல மேலங்கியைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்ததாம். புனித மார்ட்டின் குளிர்ல நடுங்கினவனுக்குத் தன் அங்கியைப் பாதியா வெட்டிக் கொடுத்தார். மீதி அங்கியைக் காத்தவங்களுக்கு வந்த பேர் அது. எனக்கு அப்பா கம்பளிதான் ஞாபகம் வந்தது.

இதே திரியில ஒரு தம்பி கேட்டிருக்கீங்க, "இது வைத்தியத்துல சேர்த்தியா, சும்மா மன ஆறுதலா?" தம்பி, சிசிலி சாண்டர்ஸ்னு ஒருத்தங்க, நர்ஸா இருந்து, சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்கும் படிச்சவங்க. 1967-ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் (கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களைக் கவனிக்கிற இல்லம்) தொடங்கினாங்க. சாகக் கிடக்கிறவங்களோட வலியில உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா நாலும் கலந்திருக்கு, மார்ஃபின் மட்டும் போதாதுன்னு சொன்னது அவங்கதான். உலக சுகாதார நிறுவனமும் வலிதணிப்புச் சிகிச்சைக்குச் சொல்ற விளக்கத்துல ஆன்மிகத் தேவையைச் சேர்த்திருக்கு. வார்டுல நானும் அதைப் பார்த்திருக்கேன்.

அமெரிக்கா போறவங்களுக்கு: அங்க இதுக்குத் தனிப் பயிற்சியே உண்டு. 1925-ல ஆன்டன் பாய்சன்ங்கிற போதகர், தானே மனநோய் ஆஸ்பத்திரியில நோயாளியா இருந்துட்டு வந்தவர், வூஸ்டர் அரசு மருத்துவமனையில இறையியல் மாணவர்களை வச்சு ஆரம்பிச்சது. இப்ப ஒரு கட்டத்துக்கு சுமார் 400 மணி நேரம், சான்றிதழ் வாங்க அப்படி நாலு கட்டம் முடிக்கணும். கனடாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் 'ஸ்பிரிச்சுவல் கேர்' (ஆன்மிகப் பராமரிப்பு)னு பலகை போட்டிருப்பாங்க, இதே வேலைதான்.

இனி செய்ய வேண்டியது. அட்மிஷன்ல மதம் என்னன்னு கேட்பாங்க. கூச்சப்படாம உள்ளதைச் சொல்லுங்க, சாப்ளின் வரலாமான்னு கேட்டா சரின்னு சொல்லி வைங்க. வேண்டாம்னா எப்ப வேணா வேண்டாம்னு சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரிகள்ல ராத்திரியிலயும் போன்ல கூப்பிட ஒரு சாப்ளின் இருப்பார், நர்ஸ்கிட்ட சொன்னா போதும். யாராவது கடைசிக் கட்டத்துல இருந்தா, துளசித் தீர்த்தம் ஊத்தணும், தாலியைக் கழட்டக் கூடாது, குளிப்பாட்ட நாங்க இருக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் சொன்னா சில விஷயம் கைமீறிப் போயிருக்கும். இறப்புப் பதிவு இங்கிலாந்துல, மருத்துவச் சான்று பதிவாளருக்குப் போனதுல இருந்து அஞ்சு நாளுக்குள்ள. 2024 செப்டம்பர்ல இருந்து, கரோனர்ங்கிற மரண விசாரணை அதிகாரிகிட்ட போகாத எல்லா இறப்பையும் ஒரு தனி மருத்துவ அதிகாரி பார்த்த பிறகுதான் பதிவு. மறுநாளே எடுத்துடலாம்னு ஊர்ல இருக்கிறவங்களுக்கு வாக்குக் கொடுத்துடாதீங்க.

கல்யாணமாகிப் போற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. கரு தங்காமப் போச்சுன்னா அங்க மாமியாரும் இருக்க மாட்டாங்க, அம்மாவும் இருக்க மாட்டாங்க. 24 வாரத்துக்கு முன்னாடி உயிரில்லாமப் பிறந்தா சட்டப்படி பிறப்பு இறப்புப் பதிவு இல்ல. ஆனா பிள்ளைக்குப் பேர் வைக்கணும், அடக்கம் பண்ணணும்னு நீங்க நினைச்சா சாப்ளின் கூட இருந்து செய்வாங்க. 2024-ல இருந்து இங்கிலாந்துல இதுக்குன்னு அரசாங்கமே ஒரு சான்றிதழ் தருது, கேட்டு வாங்கிக்கலாம். யாருக்கும் நடக்க வேண்டாம். நடந்தா தனியா நிக்காதீங்க.

எங்க லயத்துப் பொண்ணு செவ்வாய்க்கிழமை கிளம்புறா. பாஸ்போர்ட் உறைக்குள்ள ஒரு சீட்டு வச்சிருக்கேன். பேச்சு வராத நேரத்துல அதை அப்படியே நர்ஸ்கிட்ட வாசிச்சுக் காட்டினா போதும்னு சொல்லியிருக்கேன். நீங்களும் எழுதி வச்சுக்குங்க: "குட் யூ ப்ளீஸ் கால் த சாப்ளின் ஃபார் மீ?"