நான் எழுதி முடிக்கும் முன்பே கமிட் ரத்தாகிறது: உங்களுக்கும் நடந்ததா?

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணனுடைய விசைப்படகுக்கு டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு எல்லாம் கணக்கு வைக்க ஒரு சின்ன நிரல் எழுதி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் படகு கரையில்தான். அப்போதுதான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பங்குக் கணக்கில் திருத்தம் சொல்வார். ஏன் மாற்றினோம் என்று நாலு வரி தமிழில் எழுதித்தான் கிட்டில் கமிட் பண்ணுவேன், அதாவது நிரலின் மாற்றங்களை வரிசையாகச் சேமித்து வைக்கும் அந்த மென்பொருளில் பதிவு செய்வேன். அடுத்த வருசம் அதைப் பார்த்துத்தான் எங்களுக்கே ஞாபகம் வரும்.

லேப்டாப் மாற்றியதும் சிக்கல் ஆரம்பித்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் கிட் கமிட் என்று அடித்தால், செய்தி எழுத விஎஸ் கோட் எடிட்டர் திறக்கும். நான் ஒரு எழுத்து அடிப்பதற்குள், செய்தி காலியாக இருக்கிறது, கமிட் ரத்து என்று டெர்மினலில் வந்துவிடும். கிட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அப்போதும் அதே கதைதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கிட் ஒரு கோப்பை உருவாக்கி எடிட்டரைக் கூப்பிடும். கூப்பிட்ட கட்டளை முடிகிறவரை காத்திருந்து, அப்புறம் கோப்பைப் படிக்கும். விஎஸ் கோடின் கட்டளையோ கோப்பை ஜன்னலிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. எழுதி முடித்தாயிற்று என்று கிட் நினைத்துக்கொள்கிறது. எந்த எடிட்டரைத் திறப்பது என்று கிட்டுக்குச் சொல்லும் கோர் எடிட்டர் அமைப்பில் 'கோட்' என்பதோடு இரண்டு சிறுகோடு போட்டு 'வெயிட்' என்று சேர்த்தேன், சரியாகிவிட்டது. சேமித்தால் மட்டும் போதாது, அந்தத் தாவலை மூடவும் வேண்டும்.

ரத்தான பிறகு எழுதிச் சேமித்ததும் தொலைந்துபோகாது. கிட்டின் மறைவு ஃபோல்டரில் 'கமிட் எடிட்எம்எஸ்ஜி' என்ற கோப்பில் கிடக்கும். அடுத்த கமிட் அதன் மேலேயே எழுதிவிடும் என்பதால் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து:
அண்ணே, எனக்கு வேறு மாதிரி. கோர் எடிட்டரைச் சரியாகத்தான் வைத்திருந்தேன், ஆனாலும் விம் என்ற வேறு எடிட்டர்தான் திறந்தது. ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை இயக்கும் நிரல்) தொடங்கும்போது படிக்கும் பழைய கோப்பில், 'கிட் எடிட்டர்' என்ற பெயரில் ஒரு மாறி (வேரியபிள்) இருந்திருக்கிறது. கிட் முதலில் அதைத்தான் பார்க்கும், அதற்கடுத்துதான் கோர் எடிட்டர், அப்புறம் 'விஷுவல்', 'எடிட்டர்' மாறிகள். எதுவும் இல்லையென்றால் பொதுவாக விஐ எடிட்டர். 'கிட் வார்' என்று அடித்து 'கிட் எடிட்டர்' மாறியின் பெயரைக் கொடுத்தால் எதைத் திறக்கப் போகிறது என்று சொல்லிவிடும். ஒரு ராத்திரி முழுக்கத் தேடியதை அது ஒரே வரியில் காட்டியது.

தொண்டியிலிருந்து:
விண்டோஸில் எடிட்டர் இருக்கும் பாதையில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று நடுவில் இடைவெளி வருகிறது. கட்டளை ஷெல் வழியாகப் போவதால் பாதி பாதையோடு நின்றுவிடும். பாதையைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போட்டு, வெளியே இரட்டை மேற்கோள் போட்டதும் திறந்தது.

மண்டபம்:
தம்பி, நீங்கள் சொன்னபடி 'கிட் வார்' அடித்துப் பார்த்தேன். வெயிட்டோடுதான் காட்டுகிறது. அண்ணனுடைய லேப்டாப்பிலும் இன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.