புதுப்பிப்பு: காந்த கேஷ் டப்பா, சூப்பர் க்ளூ வேண்டாம்

ஜியோகேஷிங்குக்கு (ஜிபிஎஸ் உதவியால், ஒருவர் ஒளித்து வைத்த 'கேஷ்' டப்பாவை மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) இரும்புக் கம்பத்தில் ஒட்டி வைக்கும் டப்பாவாக, பெட் ப்ரீஃபார்ம் குழாயின் (பெட் பிளாஸ்டிக் பாட்டிலாக ஊதப்படுவதற்கு முந்தைய தடித்த குழாய்) வெளிப்பக்கம் 10×2 மி.மீ. நியோடைமியம் காந்தம் இரண்டை சூப்பர் க்ளூவில் ஒட்டச் சொல்லியிருந்தேன் அல்லவா, அந்தப் பகுதியை மறந்துவிடுங்கள்.

சூப்பர் க்ளூ நேர் இழுப்பைத் தாங்கும். நெம்பினால் பட்டென்று விட்டுவிடும். தேடி வருபவர் நெம்பித்தான் எடுப்பார். டப்பா கையோடு வரும், காந்தம் கம்பத்திலேயே இருக்கும்.

இரண்டு பாகங்களைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசைதான் சரி. ஐந்து நிமிட வகை அல்ல, 24 மணி நேரம் காயும் வகை. குழாயை 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். காந்தத்தைத் தேய்க்காதீர்கள், நிக்கல் பூச்சு போனால் துருப்பிடித்துப் பொடிந்துவிடும். வழவழப்பான நிக்கலில் பிடிப்பு குறைவு என்பதால், காந்தத்தின் ஓரத்தையும் எபாக்ஸி சுற்றி மூடட்டும். ஒன்றின் வடமுனை மேலே, மற்றதன் தென்முனை மேலே. ஆனால் காய்வதற்குள் இரண்டும் ஊர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, இரும்புத் தகட்டில் மெழுகுத்தாள் விரித்து, அதன்மேல் காந்தங்களை வைத்துக் குழாயை அழுத்துங்கள்.

பிறகு பழைய சைக்கிள் டியூபில் 2 செ.மீ. வளையம் வெட்டி, காந்தங்களை மூடும்படி குழாயில் மாட்டுங்கள். பெயின்ட் அடித்த கம்பத்தில் வழுக்காது. ரப்பரின் தடிமனால் இழுவிசை குறையும், அதனால் காந்தம் 3 மி.மீ. தடிமனில் வாங்குங்கள். ஹீட் ஷ்ரிங்க் (சூடுபடுத்தினால் சுருங்கி இறுக்கும் உறை) கூடாது: சாதாரண வகைக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், பெட்டும் கிட்டத்தட்ட அதே சூட்டில் நெளியும்.

அலுமினியக் கம்பத்தில் ஒட்டுமா என்றால், ஒட்டாது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அதே கதை.