குன்னூரில் கோடைக்கு வீட்டுத் தோட்டம் தேவையா?

குன்னூர்க்காரி:
வெயில் ஏறினால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வர பத்து நாள் ஆகிறது. வந்த அன்று பக்கத்து மாடியில் முட்டைக்கோஸுக்கு ஓஸ் பிடித்து அடிக்கிறார்கள். கீழே நாங்கள் குடத்தோடு நிற்கிறோம். டவுனுக்கு வரும் ரேலியா அணைத் தண்ணீர் குடிக்கத்தான். இந்த மலையில் நினைத்தபடி போர் போடவும் முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை டவுனுக்குள் காய்கறியே போட வேண்டாம் என்கிறேன்.

மாடித்தோட்டம்:
குழாய்த் தண்ணீரை ஓஸில் அடிப்பது தப்புதான் அக்கா. அதற்காகத் தோட்டமே வேண்டாம் என்றால் எப்படி? என் தகரக் கூரை 400 சதுர அடி. 10 மி.மீ. மழை பெய்தால் 370 லிட்டர் விழும், சிந்தியது போக 300 தேறும். நவம்பரில் நாலு நல்ல மழைக்கு 1,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். கூரை கழுவி வரும் முதல் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுவேன்.

குன்னூர்க்காரி:
1,000 லிட்டரை மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள். நாளைக்குப் பதினோரு லிட்டர். ஒரு வாளிகூட இல்லை! மீதிக்குக் குழாயைத்தானே திறப்பீர்கள்?

மாடித்தோட்டம்:
திறப்பதில்லை. கோடையில் மண் நிரப்பிய பன்னிரண்டு செடிப் பைதான் வைத்திருப்பேன், எல்லாம் கீரை, கொத்தமல்லி. மேலே சில்வர் ஓக் சருகு நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு. காலையில் சருகை விலக்கி விரலை விடுவேன். இரண்டாவது கணுவில் ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. சருகு போடாமல் விட்ட ஒரு பையில் மண் இரண்டே நாளில் ஓரம் விட்டு வெடித்தது, மூடியதில் நாலாம் நாளும் மண் கறுப்பாக இருந்தது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரும் இதற்குத்தான். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடமாட்டேன்.

கேத்தி விவசாயி:
இரண்டு பேரும் போகத்தை மறந்துவிட்டீர்கள். ஜனவரி வாக்கில் போடும் நீர்போகம் ஓடையும் சதுப்பும் உள்ள பள்ளத்து நிலத்துக்கு. மேட்டு நிலத்துக்காரர்கள் மழையைப் பார்த்து ஏப்ரல், மேயில் கார்போகம் போடுவார்கள், ஆகஸ்ட் வாக்கில் கடைபோகம். மாடியும் மேட்டு நிலம்தானே! கேரட்டும் கோஸும் மூன்று மாதப் பயிர். ஜனவரியில் வைத்தால் வறட்சி முழுக்கக் குடிக்கும். அப்புறம் பனி. உறைபனி விழுந்த காலையில் வெயில் படுமுன் இலையைக் கழுவ நாங்கள் தண்ணீர் அடிப்போம், ஓடை உள்ள பள்ளத்தில் அது சாத்தியம். பைகளுக்கு ராத்திரியே சாக்கு போட்டு மூடிவிடுங்கள், அந்தத் தண்ணீர் மிச்சம்.

குன்னூர்க்காரி:
சரி, கீரைக்கு ஒத்துக்கொள்கிறேன். கோஸுக்கு மாட்டேன். ஒன்று சொல்லுங்கள், தொட்டி நிரம்பிய பிறகு பெய்கிற மழை எங்கே போகிறது? வாடகை வீட்டில் எங்களுக்குத் தொட்டி வைக்க ஒரு முழ இடம் இல்லை.

மாடித்தோட்டம்:
சாக்கடைக்குத்தான் போகிறது அக்கா. ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் எனக்கே மனசு ஆறாது. அடுத்த மழைக்குள் இரண்டாவது தொட்டி வைக்கிறேன். அதிலிருந்து கீழே வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு ஒரு குழாய் இறக்கிவிடுகிறேன், துணி துவைக்கவாவது ஆகும்.